“எல்லாம் இருக்குதுங்க, மேடம்!”

மிக்ஸி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறீர்களா, சகோதரி? கட்டாயம் போயிருப்பீர்கள். கூடவே உங்கள் வீட்டுக்காரரும் வந்திருப்பார். மிக்ஸி மூடியை எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் கிடையாது. இருந்தாலும் கடைச் சிப்பந்தி யாரைப் பார்த்துப் பேசுகிறான்? அவரைப் பார்த்துத்தான்! “எழுநூற்றைம்பது வாட் ஸார், செம்புக் கம்பி மோட்டார் ஸார்” என்று அவன் அடுக்கிக்கொண்டே போக, இவரும் ஏதோ மோட்டார் கம்பெனியிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி தலையை ஆட்டுகிறார்.

நீங்கள் மெதுவாகக் குறுக்கிட்டு, “ஏம்பா, சின்ன ஜாடியிலே நாலு மிளகாயும் ரெண்டு பல் பூண்டும் போட்டால் மைய அரையுமா, இல்லை, சுவரிலே போய் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்குமா?” என்று கேட்கிறீர்கள். மிக்ஸியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். சிப்பந்தி ஒரு விநாடி விழிக்கிறான். மறு விநாடி முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிடுகிறது.

“எல்லாம் இருக்குதுங்க, மேடம்!”

நீங்கள் கேட்டது ‘அரையுமா’ என்று. அவன் சொல்வது ‘இருக்கிறது’ என்று. என்ன இருக்கிறது? அதுதான் எனக்கும் புரியவில்லை.

டெலிவிஷன் பகுதிக்குப் போனாலும் இதே கதைதான். சுவர் முழுக்கப் பெட்டிகள். அத்தனையிலும் ஒரே கிளி, ஒரே நீர்வீழ்ச்சி. “இதற்கும் அதற்கும் எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கிறதே, ஏன்?” என்று கேட்டேன் ஒரு தடவை. சிப்பந்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, “அது கொஞ்சம் காஸ்ட்லி மேடம்” என்றான். உண்மை! மறுக்க முடியாத உண்மை!

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நானும். சென்ற சித்திரையில் எங்கள் அத்தைக்கு நேர்ந்ததைக் கேட்ட பிறகு அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை.

அத்தை இருப்பது டி. கல்லுப்பட்டியில். மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஏறித் திருமங்கலத்தைத் தாண்டினால் கரிசல் காடு ஆரம்பித்துவிடும். தேவன்குறிச்சி மலை கண்ணில் பட்டதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டியதுதான். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறாள்; காலையில் ஓர் ஊசி, ராத்திரி ஓர் ஊசி. தானே போட்டுக்கொள்வாள். “நெல்லுக் குத்துன கை, இது பெரிசா?” என்பாள்.

பழைய பிரிட்ஜ் உயிரை விட்டதும் அத்தானை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனாள். நாலு மாடிக் கடை. வாசலிலேயே சில்லென்று காற்று. அங்கே அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நிறம் கேட்கவில்லை, கதவில் பூப் போட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை. “தம்பி, கரண்ட் போனா எம் மருந்து கெடாம இருக்குமா?” என்று கேட்டாள்.

“இது இன்வர்ட்டர் பிரிட்ஜும்மா. கரண்ட் போனாலும் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்!”

முப்பதாயிரத்துச் சொச்சம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு அத்தை ஊர் திரும்பினாள். அதுவரையில் மின்சாரம் நிற்கிற நாட்களுக்கென்று ஒரு மண்பானையை ஈர மணலில் பதித்து வைத்திருந்தாள். மருத்துவர்கள் சிலரே சிபாரிசு செய்கிற ஏற்பாடு அது. பிரிட்ஜ் வந்த அன்றே அந்தப் பானை கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது.

பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்திச் சாயங்காலம் கொடுப்பார்களே, அப்படி ஒரு நாள் வந்தது. பிரிட்ஜ் மூச்சுக் காட்டவில்லை. அத்தை பில்லில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். எடுத்தது யாரோ ஒருவன். “மருந்தா? அப்படீன்னா மேலே பிரீஸர்லே வெச்சிடுங்கம்மா. அங்கேதான் ரொம்ப நேரம் ஜில்லுன்னு இருக்கும்” என்றான்.

அத்தை அப்படியே செய்தாள். சாயங்காலம் மின்சாரம் வந்த பிறகும் எடுக்கவில்லை. ஏன் எடுக்க வேண்டும்? குளிர்ச்சி நல்லது என்றால் அதிகக் குளிர்ச்சி அதிக நல்லதுதானே? யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ராத்திரியோடு ராத்திரியாக இன்சுலின் பனிக்கட்டியாக உறைந்து போயிற்று. மறு நாள் வெளியே எடுத்து வைத்தாள், உருகிற்று. பார்வைக்குப் பழைய மாதிரியேதான் இருந்தது. போட்டுக்கொண்டாள்.

இன்சுலின் என்பது ஒரு வகைப் புரதம். உறைந்தால் அதன் அமைப்பே குலைந்து போகும். உருகிய பிறகு கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஒரு தடவை உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான் என்று மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பொடி எழுத்து; அதுவும் இங்கிலீஷில்.

பத்து நாளாக அத்தைக்குத் தீராத தாகம், கால் அசதி. வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டாள். பதினோராம் நாள் காலையில் கொல்லைப்புறத்தில் தண்ணீர்க் குடத்தோடு விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. நாலு நாள் படுக்கை. டாக்டரம்மா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில், “பாட்டி, மருந்தை எங்கே வெக்கிறீங்க?” என்று கேட்டார். அத்தை பெருமையாகப் பதில் சொன்னாள்: “பிரீஸர்லே!”

செய்தி கேட்டு நான் போனபோது அத்தை எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். “ஏத்தா, வந்தியா? வா, மருதைக்குப் போகணும். அந்தக் கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்” என்றாள்.

போவதற்கு முன்னால் விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வோம் என்று கல்லுப்பட்டிக் கடைத்தெருவில் மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கும் ஒருவரிடம் அழைத்துக்கொண்டு போனேன். பத்துக்கு எட்டு அடிக் கடை. சுற்றிலும் கழற்றிப் போட்ட மோட்டார்கள். நடுவில் ஸ்டூலில் அவர்.

“பெரியம்மா, ரெண்டுக்கும் பேரு ஒண்ணு; வேலை வேற” என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன், கேளுங்கள். வீட்டு இன்வர்ட்டர் என்பது பாட்டரியோடு இணைந்தது. மின்சாரம் இருக்கும்போது பாட்டரியில் சேமித்து, இல்லாதபோது எடுத்துக் கொடுக்கும். பிரிட்ஜுக்குள் இருக்கும் இன்வர்ட்டரில் சேமிப்பு எதுவும் இல்லை. அது பிரிட்ஜின் கம்ப்ரஸரை வேண்டிய வேகத்தில் ஓட வைக்கும் ஒரு சாதனம், அவ்வளவுதான். பழைய பிரிட்ஜில் கம்ப்ரஸர் முழு வேகத்தில் ஓடும், குளிர்ந்ததும் அடியோடு நிற்கும், மறுபடி ஓடும். இதிலே அடுப்பை ‘ஸிம்’மில் வைப்பது போல மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரச் செலவு குறையும், சத்தம் குறையும். கம்பத்தில் மின்சாரம் நின்றால் இதுவும் நின்றுவிடும்.

“அப்ப ஸ்டெபிலைஸர் வேணுமா, வேண்டாமா?” என்று அத்தை கேட்டாள்.

“அது எனக்குத் தெரியலை, பெரியம்மா. மாடலுக்கு மாடல் மாறும். கம்பெனிப் புஸ்தகத்தைக் கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்” என்றார் அவர்.

தெரியலை! அந்த நாலு மாடிக் கடையில் ஒரு மாடியிலும் கேட்க முடியாத வார்த்தை!

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தச் சிப்பந்தி குழம்பிப் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2012-ம் வருஷத்தை ஒட்டி நம் ஜில்லாக்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது உங்களுக்கு மறந்திருக்காது. நாளில் பாதிக்கு மேல் இருட்டு. அந்தக் காலத்தில்தான் வீட்டுக்கு வீடு ‘இன்வர்ட்டர்’ என்ற சொல் நுழைந்தது. பாட்டரியும் கையுமாக நுழைந்தது. தமிழ் நாட்டு வீடுகளில் அந்தச் சொல்லுக்கு, ‘மின்சாரம் போனாலும் விளக்கு எரியும்’ என்றே அர்த்தம் ஏற்பட்டுவிட்டது. பிறகு கம்பெனிக்காரர்கள் அதே சொல்லைப் பிரிட்ஜின் நெற்றியில் ஒட்டி அனுப்பினார்கள். வாங்க வந்த அத்தைக்கும் பழைய அர்த்தம்தான் தெரியும். விற்க நின்ற பையனுக்கும் அதேதான் தெரியும்.

மதுரைக் கடையில், விற்ற பையன் இல்லை. வேறு கடைக்குப் போய்விட்டானாம். அவன் நின்ற இடத்தில் இருபது வயதுகூட நிரம்பாத வேறொரு பையன் நின்றான். அத்தையைப் பார்த்ததும், “வாங்கம்மா, பிரிட்ஜா? எல்லாம் இருக்குது” என்றான். மானேஜரைக் கூப்பிடச் சொன்னேன்.

மானேஜர் வந்தார், கேட்டார், பில்லைப் பார்த்தார். “பிரிட்ஜிலே கோளாறு ஒண்ணும் இல்லையேம்மா” என்றார்.

“நான் பிரிட்ஜைக் குத்தம் சொல்லலையே. அது வாயில்லாப் பெட்டி, பாவம், என்ன செய்யும்? உங்க ஆளு சொன்ன வார்த்தையைல்ல சொல்றேன்” என்றாள் அத்தை.

“பையன் தெரியாம ஏதோ சொல்லியிருப்பான்...”

“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?”

மானேஜர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் டப்பா செட் கொண்டுவந்து அத்தை கையில் கொடுத்தார். ஐந்து டப்பாக்கள், ஒன்றுக்குள் ஒன்று போகும். சர்க்கரை நானூறுக்கு ஐந்து டப்பா! அத்தை அதைத் தொடவே இல்லை. “எனக்கு ஒண்ணும் வேணாம், ராசா. ஒரு அட்டையிலே, கரண்ட் போனா இந்தப் பெட்டியும் நிக்கும்னு எழுதி அந்தப் பெட்டி மேலே ஒட்டு. நான் பாத்துட்டுப் போறேன்” என்றாள்.

“வியாபாரம் படுத்துடும்மா!” என்றார் மானேஜர், வாய் தவறி.

அதற்குள் பிரிட்ஜ் பார்க்க வந்த இரண்டு மூன்று குடும்பங்கள் சுற்றிலும் கூடிவிட்டன. அவர்களில் ஓர் அம்மாள், “அப்ப இது கரண்ட் போனா ஓடாதா? எங்கிட்டேயும் ஓடும்னுதானே சொன்னாங்க?” என்று உரக்கக் கேட்டார். மானேஜர் அவசரமாக அட்டை கொண்டுவரச் சொன்னார். எழுதியவர் அவர், ஒட்டியவன் அந்தப் புதுப் பையன். அத்தை ஒட்டியதைத் தடவிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டாள்.

எதிர்ச் சாரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் எங்களைத் தேடிக்கொண்டு வந்தான். கால் மணி நேர இடைவேளையாம். அத்தை அவனுக்கும் ஒரு டீயும் வடையும் சொன்னாள். முன் வாரம் வரையில் சேலைப் பகுதியில் இருந்தானாம். ஆள் குறைவு என்று மாடி மாற்றிப் போட்டுவிட்டார்கள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரையில் நிற்க வேண்டும்.

“பிரிட்ஜைப் பற்றி யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?” என்று கேட்டேன்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லிக் கொடுத்தாங்க அக்கா. கஸ்டமர் என்ன கேட்டாலும் ‘தெரியாது’ன்னு மட்டும் சொல்லக் கூடாதுன்னாங்க.”

அத்தை டீயை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். எனக்கும் அந்த நேரத்தில் கோபம் அவனைவிட்டு எங்கேயோ நகர்ந்து போயிற்று.

அவனிடமிருந்து இன்னொரு சமாசாரமும் தெரிந்தது. கடையில் நிற்கிற எல்லாரும் கடை ஆட்கள் அல்ல. கம்பெனிகளே சம்பளம் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும் ஆட்களும் உண்டு. இது பல பெரிய கடைகளில் உள்ள வழக்கம்தான். அவர்களுக்குத் தங்கள் கம்பெனிப் பொருள் விற்றால்தான் மேல்காசு. ‘இரண்டில் எது நல்லது?’ என்று நீங்கள் வெள்ளை மனசாகக் கேட்கிறீர்கள். கேட்பது ஒரு கட்சிக்காரரிடம், சகோதரி! ஆகவே அடுத்த தடவை, “தம்பி, நீ கடை ஆளா, கம்பெனி ஆளா?” என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கம்பெனி ஆளுக்குத் தன் பொருளைப் பற்றிக் கடை ஆளைவிட நன்றாகவே தெரிந்திருக்கவும் கூடும். அடுத்த பொருளைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம்.

விஷயம் தெரிந்த ஆட்களுக்குச் சம்பளம் அதிகம் என்று நினைத்து ஒரு பெரிய கடையே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையும் உண்டு. அமெரிக்காவில் ‘ஸர்க்யூட் ஸிட்டி’ என்று ஒரு நிறுவனம். எலெக்ட்ரானிக்ஸ் வியாபாரத்தில் அந்த நாட்டிலேயே இரண்டாவது பெரியது. 2007-ம் வருஷம் மார்ச் மாதம், கூடுதல் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதற்காகச் சுமார் 3,400 விற்பனைச் சிப்பந்திகளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் இடத்தில் குறைந்த கூலிக்குப் புது ஆட்களை வைப்பதாகச் சொன்னது. அனுபவஸ்தர்கள் போனார்கள், பின்னாலேயே வாடிக்கைக்காரர்களும் நழுவினார்கள். 2008 நவம்பரில் நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது. 2009-ல் கடைகள் அத்தனையும் மூடப்பட்டன. பொருளாதாரச் சரிவு, போட்டி என்று வேறு காரணங்களும் உண்டு, வாஸ்தவம். ஆனால் அந்த 3,400 பேரைப் பற்றிப் பேசாமல் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

நம் பக்கத்திலேயே நேர்மாறான கதையும் இருக்கிறது. வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்த ஓர் இளைஞர் 1978-ல் சென்னையில் சொந்தக் கடை வைத்தார். அவர்தான் வசந்த் அண்ட் கோ ஸ்தாபகர் எச். வசந்தகுமார், பிற்பாடு கன்னியாகுமரித் தொகுதி எம்.பி. ஆகி 2020-ல் காலமானவர். தவணைக்குப் பொருள் வாங்க வருகிறவர்களின் எதிரே நின்று பழகிய மனிதர், தாமே முதலாளியானார். நின்றுகொண்டிருக்கும் பையன்களில் யார் நாளைக்கு என்ன ஆவார்கள் என்று நாம் என்ன கண்டோம்!

நிற்பது என்றதும் ஞாபகம் வருகிறது. 2010-ல் வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’ சினிமாவைப் பார்த்தவர்களுக்கு, கடையில் நாள் முழுக்க நிற்கிற கால்கள் என்ன பாடுபடும் என்பது தெரியும். 2021-ல் தமிழ் நாட்டுச் சட்டசபை கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாக் கடைகளிலும் சிப்பந்திகள் உட்காருவதற்கு ஆசனம் போட்டாக வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதற்கு முன்னால், 2018-ல், கேரளத்தில் இதே போன்ற சட்டம் வந்தது. நான் அந்தப் பகுதியில் தேடிப் பார்த்தேன். வாடிக்கைக்காரர்களுக்கு இரண்டு சோபா இருந்தது. சிப்பந்திகளுக்கு என்று ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

“சரி, அத்தைக்காக வழக்குப் போட்டாயா?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். அத்தை சம்மதிக்கவில்லை. “அலையக் காலு வேணாமா?” என்றுவிட்டாள். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் அருமையான வார்த்தை இருக்கிறது. பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது ‘நேர்மையற்ற வியாபாரம்’. அதை எழுத்தில் சொன்னாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி! வாய் வார்த்தைக்கும் கடைக்காரர் பொறுப்பு. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே குற்றம்தான். குறையுள்ள பொருளை, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே.

1915 என்ற நம்பருக்குப் போன் செய்தால் தேசிய நுகர்வோர் உதவி மையம் கிடைக்கும். அதிலும் தீராவிட்டால் ஜில்லா நுகர்வோர் கமிஷன். நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவிலேயே மனுக் கொடுக்கலாம்; கடை எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் வாயால் சொன்னதை ருசுப்படுத்துவது எப்படி? அங்கேதான் அத்தை கோட்டை விட்டாள். பில்லின் பின்புறத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்க வேண்டும். எழுத மறுத்தால், அந்த மறுப்பே பதில்! கையில்தான் போன் இருக்கிறதே, கடை நம்பருக்கு வாட்ஸப்பில் கேள்வியை அனுப்பிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்வதும் நல்ல உபாயம். வாயால் சரளமாக ‘ஓடும்’ என்கிறவர், எழுத வேண்டும் என்றதும் உள்ளே போய் யாரையாவது விசாரித்துக்கொண்டு வருவார். அந்த விசாரணைதானே நமக்கு வேண்டும்?

திரும்புகிற வழியில் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்குப் போயிருந்தோம். 1940-ல் ஏற்பட்ட ஆசிரமம். காந்திஜியின் பொருளாதார நிபுணர் என்று பெயர் பெற்ற ஜே.ஸி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை இங்கேதான் ஒரு குடிசையில் கழித்தார். லண்டனில் கணக்குப் பரிசோதனையும் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் பொருளாதாரமும் படித்தவர். 1960 ஜனவரி 30-ம் தேதி, காந்திஜி மறைந்த அதே தேதியில், மறைந்தார். சாமான் வாங்குகிறவருக்கும் கடமை உண்டு என்று வற்புறுத்தியவர் அவர். ஒரு பொருளை வாங்கும்போது அதன் பின்னால் உள்ள மனிதர்களின் நிலைமையையும் சேர்த்தே வாங்குகிறோம், ஆகவே விசாரித்து வாங்க வேண்டும், விசாரிக்க முடியாத தூரத்திலிருந்து வரும் பொருளைவிடப் பக்கத்தில் செய்யும் பொருள் மேல் என்பது அவருடைய கட்சி. பிரிட்ஜைக் கல்லுப்பட்டியில் செய்ய முடியாது. அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பத்துக்கு எட்டு அடிக் கடையை நினைத்துக்கொண்டேன். அவரிடம் பிரிட்ஜ் விற்பனைக்கு இல்லை, பதில் இருந்தது. நாலு மாடிக் கடையில் பிரிட்ஜ் இருந்தது; பதில் இல்லை. வாங்கும் முன் அவரைப் போய்க் கேட்டிருந்தால், கேட்டதற்கு ஐம்பது ரூபாய் கொடுத்திருந்தால்கூட, அத்தைக்கு நாலு நாள் ஆஸ்பத்திரி மிச்சம். நம் தெருவில் அப்படி ஒருவர் இல்லாமலா போய்விடுவார்?

சிப்பந்தியைக் கேட்காமலே தெரிந்துகொள்ளக் கூடியவையும் கொஞ்சம் உண்டு. பிரிட்ஜ் கதவில் நட்சத்திரம் போட்ட ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மத்திய அரசின் எரிசக்திச் சிக்கனத் துறை 2006-ல் ஆரம்பித்த ஏற்பாடு. எல்லாரும் நட்சத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே வருஷத்துக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று ஒரு எண் இருக்கிறதே, அதுதான் சாரம். இரண்டு பெட்டிகளுக்கும் அந்த எண்ணை ஒத்துப் பாருங்கள். சீட்டு எந்த வருஷத்தது என்பதையும் பாருங்கள். 2023 ஜனவரியில் பிரிட்ஜுக்கான அளவுகோலை இறுக்கினார்கள்; பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. தள்ளுபடி விலையில் தள்ளிவிடுகிற பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி வரையில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். உபயோகத்தில் இருக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலு வாரம் வரையில் வெளியிலேயே, 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில், வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கு மருந்து கணக்கு மாறும், ஆகையால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரைச் சித்திரையில் 30 டிகிரி இடம் எங்கே என்று கேட்கிறீர்களா? அத்தை கொல்லைப்புறத்திலிருந்து மண்பானையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டாள். பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள்.

டீக் கடையில் அந்தப் பையன் அத்தையின் போன் நம்பரை வாங்கிக்கொண்டிருந்தான். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சென்ற மாதம் நான் கல்லுப்பட்டியில் இருந்தபோது ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அத்தையின் போன் மணி அடித்தது.

“பாட்டி, இங்கே ஒரு அம்மா பிரிட்ஜு வாங்க வந்திருக்காங்க. இன்சுலினை எங்கே வெக்கணும்னு கேக்கிறாங்க. தெரியலை, கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

அத்தை வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள். “பிரீஸர்லே வேணாம். பின்பக்கச் சுவத்திலே ஒட்டாம நடுத் தட்டிலே வெக்கச் சொல்லு. மத்ததை டாக்டர்கிட்டே கேக்கச் சொல்லு. அந்த அட்டை இருக்கா, கிழிச்சுட்டாங்களா?”

“கிழிச்சுட்டாங்க பாட்டி. நான் வாயாலே சொல்லிடறேன்.”

“சாப்பிட்டியா?”

“இன்னும் இல்லை.”

“உக்காந்து பேசுறியா, நின்னுக்கிட்டா?”

“நின்னுக்கிட்டுத்தான், பாட்டி.”